ஞாயித்துக்கிழமை தமிழ் கிளாஸுக்கு ஸ்டோரிவீவர்: ஒன்றரை வருஷம் யூஸ் பண்ணதுல தெரிஞ்சது

முதல்லயே சொல்லிடறேன், நான் தமிழ் டீச்சர் இல்ல, படிச்சதும் தமிழ் இல்ல, சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல குப்பை கொட்டிட்டு இருக்கேன். சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம், இருக்கறது பெங்களூரு. எங்க அபார்ட்மென்ட் கிளப்ஹவுஸ்ல ஞாயித்துக்கிழமை காலைல 10 மணிலேர்ந்து பதினொன்றரை வரைக்கும் 11 பிள்ளைங்களுக்கு தமிழ் சொல்லிக்குடுக்கறேன், ஃபீஸ்லாம் கிடையாது, மாசம் ஒருத்தர் வீட்லேர்ந்து சுண்டலோ கேசரியோ வரும் அவ்ளோதான். 6 வயசுலேர்ந்து 11 வயசு வரைக்கும் எல்லாம் ஒரே ரூம். ஸ்கூல்ல இங்கிலீஷ், ரெண்டாவது கன்னடம், மூணாவது ஹிந்தி, வீட்ல தமிழ். வீட்ல தமிழ்னா என்ன தமிழ்னு கேக்காதீங்க, "அம்மா வாட்டர் பாட்டில் எங்க வெச்ச, ஐ காண்ட் ஃபைண்ட்" அந்த தமிழ்.

இந்த கிளாஸுக்கு என்னென்ன மெட்டீரியல் யூஸ் பண்ணேன், எதுல காசு போச்சு, எது கைகுடுத்துச்சுன்னு ரெண்டு மூணு பேர் கேட்டாங்க, அதான் எழுதறேன். பெரும்பாலும் ஸ்டோரிவீவர்னு பிள்ளைங்களுக்கான படக்கதை தளம் பத்திதான், நடுவுல வேற சிலதும் வரும்.

ஆரம்பத்துல நானும் எல்லாரும் பண்றதத்தான் பண்ணேன். ஒரு ஆப்புக்கு (பேர் வேணாம்) வருஷ சந்தா கட்டினேன். யானை டான்ஸ் ஆடுது, நட்சத்திரம் கொட்டுது, பிள்ளைங்க ரெண்டு வாரம் விழுந்து விழுந்து ஆடுச்சுங்க, ஆனா வாழைப்பழத்த அந்த ஆப் குரல் "வாலைப்பலம்"னு சொல்லுது. தமிழ் கத்துக்குடுக்கறதுக்குன்னே காசு வாங்கற ஆப்ல ழகரம் இல்ல! சரி அந்த ஒரு ஆடியோவ மட்டும் மாத்தி நம்ம குரல போட்டுக்கலாம்னா வழியே இல்ல, சந்தா முடிஞ்சதும் நாங்க அதுல சேத்து வெச்ச எல்லாமும் பூட்டிக்கிச்சு. அதுக்கப்புறம் வாட்ஸ்அப்ல சுத்தற வொர்க்‌ஷீட்ஸ். யாரோ கஷ்டப்பட்டு வரைஞ்சத யாரோ பேர அழிச்சுட்டு அனுப்பிருப்பாங்க, அத நாம ஜெராக்ஸ் போட்டு பிள்ளைங்க கைல குடுக்கறப்ப ஒரு மாதிரி உறுத்தும்.

தமிழ்நாடு பாடநூல் பிடிஎஃப் இருக்கேன்னு சொல்வீங்க. இருக்கு, நல்லாவும் இருக்கு, 2018ல வந்த புது பாடத்திட்டத்து ஒண்ணாம் வகுப்பு புக்க பாத்தப்ப நம்ம காலத்துல இப்படி ஒண்ணு இல்லாம போச்சேன்னு பொறாமையா இருந்துச்சு. காசில்லாம டவுன்லோட் பண்ணலாம். ஆனா அது தமிழ்நாட்டுல இருக்கற பிள்ளைக்கு எழுதினது, தெருவுல கடை போர்டு, பஸ் போர்டுன்னு எங்க திரும்பினாலும் தமிழ் தெரியற பிள்ளைக்கு. எங்க பிள்ளைங்களுக்கு ரெண்டாவது வாரமே மூச்சு முட்டிடுச்சு. அத உடைச்சு, எளிமையாக்கி, வேற படம் போட்டு நானே ஒண்ணு தயார் பண்ணி ஊருக்கெல்லாம் குடுக்கலாமான்னு பாத்தா அப்படி பண்ணிக்கோங்கன்னு சொல்ற லைசென்ஸ் எதுவும் என் கண்ணுல படல. அப்பதான் மண்டைல ஏறுச்சு, காசில்லாம கிடைக்கறது வேற, ஓப்பன் வேற. கல்யாண வீட்ல இலை போட்டு சாப்பாடு போடறாங்க, சந்தோஷமா சாப்பிடலாம், அதுக்காக அடுப்படிக்குள்ள போயி சாம்பார்ல எனக்கு உப்பு பத்தலன்னு கரண்டிய எடுக்க முடியுமா? ஓஇஆர்னு சொல்றாங்களே, திறந்த கல்வி வளம், அது அடுப்படி சாவியும் சேத்து குடுக்கறது. அந்த பேர 2002ல பாரிஸ்ல யுனெஸ்கோ கூட்டத்துல வெச்சாங்க. வெச்சுக்கலாம், திரும்ப யூஸ் பண்ணலாம், மாத்தலாம், இன்னொண்ணோட கலக்கலாம், அடுத்தவங்களுக்கு குடுக்கலாம், இந்த அஞ்சும் இருந்தாத்தான் ஓப்பன். மொழி சொல்லிக்குடுக்கறவங்களுக்கு மூணாவதுதான் உயிர்நாடி, ஏன்னு சொல்றேன்.

ஸ்டோரிவீவர் தெரியாதவங்களுக்கு சுருக்கமா: பிரதம் புக்ஸ்னு 2004ல ஆரம்பிச்ச லாப நோக்கமில்லாத பதிப்பகம், இதே பெங்களூருதான், அவங்க 2015 செப்டம்பர் 8 எழுத்தறிவு நாள் அன்னிக்கு திறந்த தளம். ஆரம்பிச்சப்ப 24 மொழில சுமார் 800 கதை, இப்ப முந்நூறுக்கு மேல மொழி, கதைங்க பல்லாயிரக்கணக்குல இருக்கு, தமிழும் நிறையவே இருக்கு. எல்லாம் படக்கதை. பாக்கலாம், டவுன்லோட் பண்ணலாம், மொழிபெயர்க்கலாம், அதுல இருக்கற படங்கள எடுத்து புதுசா கதை கட்டலாம். லைசென்ஸ் சிசி பை 4.0 (சிசின்னா கிரியேட்டிவ் காமன்ஸ்), அதாவது எழுதினவங்க வரைஞ்சவங்க பேர போடு, என்ன மாத்தினன்னு சொல்லு, அப்புறம் உன் இஷ்டம். படிக்கறதுக்கு லாகின் வேணாம், டவுன்லோடுக்கும் எழுதறதுக்கும் வேணும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

நம்ம மொழில பேச்சு ஒண்ணு எழுத்து ஒண்ணு. ஊர்லயே பொறந்து வளந்தவங்களுக்கு இது ஒரு பிரச்சினைன்னே தெரியாது, ஏன்னா சினிமா, மேடைப்பேச்சு, நியூஸ், கோயில் மைக்னு ரெண்டும் காதுல விழுந்துட்டே இருந்துச்சு. எங்க அபார்ட்மென்ட் பிள்ளைக்கு "போனான்" தெரியும், "சென்றான்" தெரியாது. "வீட்டுக்குள்ள" தெரியும், "வீட்டினுள்ளே"ன்னா முழிக்கும். முதல் நாள் கிளாஸ்ல "சிறுமி மரத்தின் மீது ஏறினாள்"னு ஒரு வரி வெச்சேன், எழுத்துக்கூட்டி முழுசா படிச்சா ஒரு 8 வயசு பொண்ணு, கேட்டா அர்த்தம் தெரியல. சிறுமின்னா யாரு மிஸ், சிறுத்தையோட பிரெண்டான்னு கேட்டா. படிக்க தெரியுது, படிச்சது புரியல, இதவிட பரிதாபம் உண்டா.

அதனால நான் என்ன பண்ணேன்னா, ஒரு கதைய எடுத்து அதையே ரெண்டு வெர்ஷனா ஆக்கினேன். முதல் வெர்ஷன் பேச்சுத் தமிழ், "பாப்பா மரத்து மேல ஏறுனா". ஒரு வாரம் அதையே படிப்போம், நடிப்போம், கத்துவோம். அடுத்த வாரம் அதே படம், அதே பக்கம், எழுத்துத் தமிழ். படம் மனசுல பதிஞ்சிருக்கறதால "மீது" வந்ததும் பிள்ளையே சொல்லுது, "மேல"வத்தான் இப்படி எழுதிருக்காங்கன்னு. அகராதியே தேவைப்படல. ஸ்டோரிவீவர்லயே அதே மொழில லெவல மாத்தி திருப்பி எழுதற வசதி இருக்கு, படம் அப்படியே நிக்கும், கீழ இருக்கற வரிய மட்டும் மாத்தினா போதும். கடைசி பக்கத்துல ஒரிஜினல் எழுத்தாளர், ஓவியர், மொழிபெயர்ப்பாளர், லைசென்ஸ் எல்லாம் தானா வந்து உக்காந்துக்கும், நாம மறந்தாலும் அது மறக்காது. நான் யூஸ் பண்ண எந்த காசு ஆப்லயும் எந்த அச்சு புத்தகத்துலயும் இத பண்ண முடிஞ்சதில்ல, இந்த ஒரு விஷயத்துக்காகவே முழு மார்க் குடுக்கலாம்.

பேச்சுத் தமிழ்னு சொல்றோமே எந்த ஊர் பேச்சுன்னு அடுத்த வாரமே சண்டை வந்துச்சு, நல்ல சண்டைதான். நான் எங்க பக்கத்து பேச்சுல எழுதிட்டேன், கோயம்புத்தூர்காரங்க வீட்ல "ஏனுங்க மிஸ் இப்படி பேசுனா மரியாதையா இருக்குங்ளா"ன்னு பையன் வழியா தாக்கல் வந்துச்சு, நாகர்கோவில் பாட்டி ஒருத்தங்க கிளாஸுக்கே வந்து உக்காந்து "எங்க ஊர்ல அவிய வந்தாவன்னுல்லா சொல்லுவோம்"னாங்க. நான் சொன்னேன், பாட்டி நீங்க சொல்லுங்க நான் டைப் பண்றேன். ஒரு கதைக்கு இப்ப எங்ககிட்ட 3 பேச்சு வெர்ஷன் இருக்கு. பிள்ளைங்களுக்கு ஒரே கொண்டாட்டம், ஒரே பக்கத்த மூணு விதமா படிச்சு சிரிக்கறாங்க. புத்தகம்னா யாரோ பெரியவங்க எழுதி கல்வெட்டு மாதிரி நிக்கறதுன்னு நினைச்சுட்டு இருந்தவங்க, நம்ம வீட்ல பேசற மாதிரியே எழுதலாமான்னு கண்ணு விரிஞ்சு போச்சு.

சரி குறை என்னென்னன்னு பாப்போம், ரிவ்யூன்னா அதுவும் வேணும்ல.

லெவல் 1, 2, 3, 4ன்னு பிரிச்சிருப்பாங்க. முதல் லெவல் 250 வார்த்தைக்குள்ள, ரெண்டாவது 600 வரைக்கும், மூணாவது 1500 வரைக்கும், நாலாவது அதுக்கும் மேல. எல்லா மொழிக்கும் ஒரே அளவுகோல். தமிழுக்கு இந்த வார்த்தை கணக்கு சரிப்பட்டு வராதுங்கறது என் அபிப்பிராயம். இங்கிலீஷ்ல மூணு சின்ன வார்த்தைல "அவ ஓடிட்டு இருந்தா"ன்னு சொல்றத எழுத்துத் தமிழ்ல "ஓடிக்கொண்டிருந்தாள்"னு ஒரே வார்த்தையா எழுதுவோம். எண்ணிப் பாருங்க, 10 எழுத்து. எழுத்துக்கூட்டி படிக்கற பிள்ளை கொண்-ல போறப்பவே ஓடி-ய மறந்துடும். கணக்குக்கு அது ஒரு வார்த்தை, பிள்ளைக்கு அது ஒரு மலை. அதனால லெவல் 1னு போட்டிருக்குன்னு நம்பி கிளாஸ்ல திறக்காதீங்க, ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி சனிக்கிழமை ராத்திரியே ஒருவாட்டி சத்தமா படிச்சு பாத்துடுங்க. என் கணக்கு என்னன்னா, ஒரு பக்கத்துல 6 எழுத்துக்கு மேல இருக்கற வார்த்தை ரெண்டு இருந்தா அந்த பக்கத்த நான் மாத்தி எழுதிடுவேன்.

ரெண்டாவது, யார் வேணும்னாலும் மொழிபெயர்க்கலாம்னு கதவ திறந்து விட்டா தரம் ஏறி இறங்கத்தான் செய்யும். இது திறந்த தளம் எல்லாத்துக்கும் பொது. பதிப்பகமே கைவெச்சு வெளியிட்ட தமிழ் கதைங்க தனி, அதுல எடிட்டர் கண்ணு பட்டிருக்கறது தெரியும், வாக்கியம் தடங்கல் இல்லாம போகும். ஆர்வத்துல யாரோ போட்டத தனியா பாக்கணும். இங்கிலீஷ்லேர்ந்து வந்ததான்னு ரெண்டே வரில கண்டுபிடிச்சிடலாம், "ஒரு" எக்கச்சக்கமா இருந்தா இங்கிலீஷ். "ஒரு பையனிடம் ஒரு நாய் இருந்தது, அது ஒரு நல்ல நாய்" இந்த மாதிரி. ஒவ்வொரு வரிலயும் அவன் அவனுடைய அவனைன்னு வந்துட்டே இருந்தாலும் அதே கேஸ்தான், தமிழ்ல ஒருதரம் பேர சொல்லிட்டா அப்புறம் வினைமுற்றே ஆள காட்டிக்குடுத்துடும்ல. இன்னொண்ணு சத்தங்கள். நம்மகிட்ட தொபுக்கடீர், மடமட, சலசல, கிணுகிணுன்னு கொட்டிக் கிடக்கு, அத விட்டுட்டு "பெரிய சத்தத்துடன் விழுந்தான்"னு எழுதினா எந்த குழந்தை சிரிக்கும்? நான் செலக்ட் பண்றப்ப முதல்ல பாக்கறதே கதைல யாராவது தொபுக்கடீர்னு விழறாங்களான்னுதான். இல்லன்னா விழ வெச்சிடுவேன், அதான் லைசென்ஸ் இருக்கே.

இப்ப எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், இத நான் எதிர்பாக்கவே இல்ல. ஒரே கதை கன்னடத்துலயும் தமிழ்லயும் இருக்கும். எங்க பிள்ளைங்களுக்கு ஸ்கூல் புண்ணியத்துல கன்னடம் படிக்க தெரியும், தமிழவிட வேகமாவே படிப்பாங்க. ஒருநாள் டிவில பாதி ஸ்க்ரீன் கன்னடம் பாதி ஸ்க்ரீன் தமிழ்னு அதே கதைய போட்டேன். சும்மா பாக்கட்டும்னுதான். கொஞ்ச நேரத்துல ஒரு பையன் எந்திரிச்சு, மிஸ் ஹாலு பால், ஹூவு பூ, ஹுலி புலின்னான். அவ்ளோதான், கூட்டமே வேட்டைக்கு கிளம்பிடுச்சு. ஹத்து பத்து, ஹல்லு பல்லு, ஹாவு பாம்பு, ஹந்தி பன்றி, ஹெசரு பெயர். போர்டுல எழுத எழுத இடம் பத்தல. பழைய கன்னடத்துல இதெல்லாம் ப-லதான் ஆரம்பிச்சுது, பின்னாடி ஹ-வா மாறிடுச்சு. இத நான் சொன்னதும் ஒரு வாண்டு எந்திரிச்சு "அப்போ ஹோட்டல்னா தமிழ்ல போட்டலா மிஸ்"னுச்சு. அடுத்த வாரம் இந்த ஹ-ப ஜோடி மாதிரி வேற ஏதாவது இருக்கான்னு அவங்களே தேடி பா வா, பில்லு வில், பேரு வேர்னு இன்னொரு லிஸ்ட் போட்டாங்க. நாலு மாசம் நான் தொண்டை கிழிய கத்தி ஏத்தாத வார்த்தைங்க ஒரு மணி நேரத்துல ஏறிடுச்சு. தமிழ் தனியா மேல பரண்ல இருக்கற பாத்திரம் இல்ல, ஸ்கூல்ல படிக்கறதோட சொந்தக்காரன்னு தெரிஞ்சதுல அவங்களுக்கு ஒரு பெருமை. எதிர்ப்பக்கமும் உண்டு, கன்னடத்துல க-வுக்கும் (ka) க3-வுக்கும் (ga) தனித்தனி எழுத்து இருக்கறதால தமிழ் "க" பாத்ததும் எந்த க மிஸ்னு கேப்பாங்க. கடல், நகம், அக்கான்னு மூணையும் சொல்ல வெச்சு எங்க நிக்குதுன்னு பாருன்னு காட்டினேன், வார்த்தைக்கு முதல்ல வந்தா ஒரு சத்தம், நடுவுல தனியா வந்தா ஒரு சத்தம், ரெட்டிச்சா அழுத்தம். மத்த ஊர்ல, மத்த மொழிக்கு நடுவுல தமிழ் சொல்லிக்குடுக்கறவங்க, மலையாளமோ தெலுங்கோ மராத்தியோ, இந்த ஜோடி வாசிப்ப கட்டாயம் பண்ணி பாருங்க.

பிரிண்ட் பத்தி ஒரு வார்த்தை. படங்க பக்கம் முழுக்க கலரா இருக்கும், ஜெராக்ஸ் கடைல கருப்பு வெள்ளைல போட்டா ராத்திரி சீன்லாம் ஒரே கரிச்சட்டி. கலர் பிரிண்ட் கட்டுப்படியாகாது. நாங்க டிவில போட்டு படிச்சுட்டு, வார்த்தைங்கள மட்டும் தனி ஷீட்டா குடுத்துடறோம். கிளப்ஹவுஸ் வைஃபை எப்ப வரும் எப்ப போகும்னு அதுக்கே தெரியாது, அதனால முன்னாடியே டவுன்லோட் பண்ணி பென்டிரைவ்ல எடுத்துட்டு போயிடுவேன். சத்தமா படிச்சு காட்டிக்கிட்டே வரிய ஹைலைட் பண்ற ரீடலாங் வகையும் இருக்கு, மழை பேஞ்சு பாதி பேர் வராத நாளுக்கு அது.

லைசென்ஸ் பத்தி கொஞ்சம் பேசியே ஆகணும், போரடிச்சா தாண்டி போயிடுங்க. சிசி லைசென்ஸ்னு பாத்ததும் எல்லாமே ஒண்ணுன்னு நானும் நினைச்சேன். சிசி பை இருந்தா பேர மட்டும் போட்டா போதும். எஸ்ஏன்னு வால் இருந்தா, நீ மாத்தினதையும் அதே லைசென்ஸ்லதான் வெளிய விடணும், விக்கிபீடியாலாம் இந்த ரகம். என்சின்னா வியாபாரத்துக்கு கூடாது, நம்ம சுண்டல் கிளாஸுக்கு பிரச்சினை இல்ல, ஃபீஸ் வாங்கற டியூஷன்காரங்க யோசிக்கணும். என்டின்னு இருந்தா ஒரு எழுத்தக்கூட மாத்தி வெளிய விடக்கூடாது, மொழிபெயர்ப்பும் மாத்தறதுலதான் சேரும். மொழி சொல்லிக்குடுக்கறவங்களுக்கு என்டிங்கறது கண்ணாடி பெட்டிக்குள்ள இருக்கற ஜிலேபி. நான் பண்ண தப்பையும் சொல்லிடறேன், விக்கிமீடியா காமன்ஸ்னு திறந்த லைசென்ஸ் படங்க இருக்கற தளத்துலேர்ந்து பறவை படமெல்லாம் எடுத்து அழகா ஒரு ஷீட் பண்ணி நாலு அபார்ட்மென்ட்டுக்கு அனுப்பிட்டேன், யார் படம்னு ஒரு வரி இல்ல. மேல வாட்ஸ்அப் ஷீட்ஸ பாத்து உறுத்துச்சுன்னு எழுதினேனே, அதே காரியத்த நானே பண்ணிருக்கேன். உக்காந்து ஒவ்வொண்ணா தேடி பேர் போட்டு திருப்பி அனுப்பினேன், ஒரு சனிக்கிழமை போச்சு. இப்பலாம் படம் எடுக்கறப்பவே பேர் லைசென்ஸ் ரெண்டையும் பக்கத்துலயே ஒட்டி வெச்சுக்கறேன்.

ஸ்டோரிவீவர் செய்யாத வேலை ஒண்ணு இருக்கு. எழுத்தே தெரியாத பிள்ளைக்கு அது உதவாது. ட, ப, ம மட்டும் தெரிஞ்ச பிள்ளைக்கு "படம்" "பட்டம்"தான் உலகம், அந்த உலகத்துக்குள்ள ஒரு கதை வேணும். இதுக்கு புளூம்னு ஒரு சாஃப்ட்வேர், மொழிகளுக்காக வேலை செய்யற எஸ்ஐஎல் அமைப்போடது, இலவசம், சோர்ஸும் ஓப்பன். இதுவரைக்கும் என்னென்ன எழுத்து சொல்லிக்குடுத்திருக்கோம்னு அதுகிட்ட லிஸ்ட் குடுத்துட்டா, நாம கதை எழுதறப்ப சொல்லிக்குடுக்காத எழுத்து இருக்கற வார்த்தைய அது காட்டிக்குடுத்துடும். தமிழுக்கு உயிர்மெய் வரிசையெல்லாம் நாமதான் உக்காந்து குடுக்கணும், பொறுமை வேணும். ஆனா அத பண்ணப்புறம்தான் எவ்ளோ குறைச்ச எழுத்துல எவ்ளோ சொல்ல முடியும்னு தெரிஞ்சுது. "மாமா பாடம் படி" ரேஞ்சுல ஒரு கதை எழுதி 6 வயசு குரூப்புக்கு குடுத்தேன், மாமா பாவம் படிச்சுட்டே இருக்காரு, ஏன்னா அந்த கதைல அவருக்கு வேற எழுத்து இல்ல.

மத்தத வேகமா சொல்லிடறேன். தமிழ் இணையக் கல்விக்கழகம், 1999ல சென்னைல நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்கப்புறம் 2001ல ஆரம்பிச்சது, மழலைக்கல்வி, சான்றிதழ், பட்டயம், பட்டம்னு படிப்படியா போகும். வெளிநாட்டுல இருந்துட்டு பரீட்சை எழுதி சர்டிஃபிகேட் வேணும்னா நேரா அங்க போங்க. பாட்டு கேக்க, உச்சரிப்பு கேக்க நானும் போவேன். ஆனா நான் தேடறது வெட்டி ஒட்டற சுதந்திரம், அது வேற தேவை. பழைய தமிழ் நூல்கள நெட்ல ஏத்தற மதுரைத் திட்டம் 1998 பொங்கல் அன்னிக்கு தன்னார்வலர்கள் ஆரம்பிச்சது, சங்க இலக்கியத்துலேர்ந்து எல்லாம் இருக்கு, கும்பிட வேண்டிய வேலை, ஆனா 8 வயசுக்கு அங்க எடுக்க ஔவையார விட்டா அதிகம் இல்ல. பாரதி பாட்டுங்க எல்லாருக்கும் பொதுச்சொத்து, 1949ல அரசாங்கம் உரிமைய வாங்கி அப்புறம் மக்களுக்கே விட்டுட்டாங்க, யோசிச்சு பாத்தா நம்ம ஊர் ஓப்பன் லைசென்ஸ் அதுதான், இந்த சிசி எல்லாம் பொறக்கறதுக்கு அம்பது வருஷம் முன்னாடி! ஒண்ணு உஷார், தமிழ் மின்னூலகத்துல ஸ்கேன் பண்ண பழைய குழந்தை புத்தகம்லாம் பாத்து ஆசைப்பட்டு அப்படியே கிளாஸுக்கு கொண்டு போயிடாதீங்க. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி அச்சான புக்ல லை, னை, ணா, றா எல்லாம் பழைய உருவத்துல இருக்கும், தும்பிக்கை வெச்ச லை. பெரிய பிள்ளைங்களுக்கு புதிர் மாதிரி காட்டலாம், எங்க செட்டுல 11 வயசு பசங்க அத ரகசிய கோட் மாதிரி ஆக்கி சீட்டு அனுப்பிக்கறாங்க. சின்னதுங்களுக்கு வேணாம்.

டெக்னிக்கலா ஒரு எச்சரிக்கை. பிடிஎஃப்லேர்ந்து தமிழ காப்பி பண்ணி ஒட்டினா "கொக்கு" கால் மாறி "ெகாக்கு"ன்னு வந்து நிக்கும், கவனிக்காம பிரிண்ட் போட்டா பிள்ளைங்க அதையே சரின்னு எழுதும். பழைய பாமினி ஃபான்ட்ல டைப் பண்ண ஃபைல்னா இங்கிலீஷ் எழுத்தா கொட்டும், யூனிகோடுக்கு மாத்தித்தான் ஆகணும். ஃபான்ட்டும் ஓப்பனாவே கிடைக்குது, நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், பலூ தம்பி எல்லாம் திறந்த லைசென்ஸ். பலூ தம்பி குண்டு குண்டா இருக்கும், சின்ன பிள்ளைங்களுக்கு அதான் புடிக்கும், ஆனா எழுதி பழக அத குடுக்காதீங்க, சுழி எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாது. தலைப்புக்கு தம்பி, எழுதிப் பழக நோட்டோவ வெளிர் சாம்பல் கலர்ல பெருசா அடிச்சு அது மேலயே பென்சில ஓட்ட விடறேன்.

மார்க் கேட்டா, ஸ்டோரிவீவருக்கு 5க்கு 4. குறைச்ச ஒண்ணு அந்த லெவல் கணக்குக்கு. புளூமுக்கு மூன்றரை, பொறுமை இருக்கறவங்களுக்கு நாலு. ரெடிமேட் பாடத்திட்டம் வேணும், வாரா வாரம் திறந்தா அதுவே சொல்லிக்குடுக்கணும்னு நினைக்கறவங்களுக்கு இது எதுவும் ஒத்துவராது, இங்க துணி கிடைக்கும், தையல் நம்மளது. எனக்கு வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் இதுக்கே போகுது, வீட்ல திட்டு வேற.

போன மாசம் பிள்ளைங்களே ஒரு கதை கட்டினாங்க. எங்க ஏரியால தண்ணி கஷ்டம் எல்லாருக்கும் தெரிஞ்சது, கதையும் தண்ணி டேங்கர் லாரி பத்திதான். லாரிக்கு வழி தெரியாம எல்லா அபார்ட்மென்ட் வாசல்லயும் நின்னு அழுவுது, கண்ணீர்லயே டேங்க் ரொம்பிடுது. அந்த கண்ணீர் உப்புல்ல, எப்படி குடிப்பாங்கன்னு அரை மணி நேரம் வாக்குவாதம், கடைசில இட்லி மாவுக்கு உப்பு போட வேணாம்னு முடிச்சாங்க. படம் அவங்களே வரைஞ்சது. ஏத்தறதுக்கு முன்னாடி அப்பா அம்மாங்க எல்லார்கிட்டயும் கேட்டேன், ஏன்னா சிசி பைன்னு ஒருதரம் விட்டா விட்டதுதான், வெளிய போனத திருப்பி வாங்க முடியாது. பிள்ளைங்க பேர் வேணாம்னு பேசி, பேருக்கு பதிலா ஞாயித்துக்கிழமை கிளாஸ்னு மட்டும் போடறதா முடிவாச்சு.

லைசென்ஸ்னா என்னன்னு பிள்ளைங்களுக்கு விளக்கிட்டு இருந்தேன், நம்ம கதைய யார் வேணும்னாலும் படிக்கலாம், வேற மொழில எழுதலாம், மாத்தலாம்னு. டேங்கர் வரைஞ்ச பொண்ணு கை தூக்கினா. "மாத்தலாம் மிஸ், ஆனா டேங்கர் வராம போற மாதிரி மட்டும் மாத்தக்கூடாதுன்னு எழுதுங்க." அப்படி எழுத அந்த லைசென்ஸ்ல இடமில்லம்மான்னு சொல்லிட்டு இருக்கேன், இன்னும் சமாதானம் ஆகல, கதையும் இன்னும் ஏத்தல.